கீபோர்டு வாங்கும் முன் சுண்டுவிரலைக் கேளுங்கள்

கேள்வி: மேடம், எனக்கு வயது 43. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பகலில் கிரயப் பத்திரம், உயில், வாடகை ஒப்பந்தம். இரவில் வீட்டில் ஒரு பதிப்பகத்துக்காகக் கையெழுத்துப் பிரதிகளை அடித்துக் கொடுக்கிறேன். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிறது. திருப்பாதிரிப்புலியூர் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் தட்டச்சு லோயர், ஹையர் முடித்தவள். கம்ப்யூட்டரில் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறைக்கு மாறிப் பத்து வருடம் ஆகிறது. ஆறு மாதமாக வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக வலி. இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. 'கார்பல் டனல்' என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன், "எர்கோனாமிக் வயர்லெஸ் கீபோர்டு வாங்கித் தர்றேன், எதுன்னு மட்டும் சொல்லும்மா" என்கிறான். கைக்கு நோகாத வடிவமாம். ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இருபதாயிரம் வரை விலை போட்டிருக்கிறார்கள். எதை வாங்கச் சொல்லட்டும்? மணிக்கட்டு பெல்ட் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யலாமா? என் மேசை 30 அங்குலம், பிளாஸ்டிக் நாற்காலி 17 அங்குலம், என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.
- வாசகி, கடலூர்

பதில்: மேசை, நாற்காலி, உங்கள் உயரம் மூன்றையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தில் நான்கெல்லை எழுதிப் பழகிய கை என்று தெரிகிறது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "கை வலிக்கிறது, எந்த கீபோர்டு நல்லது?" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். பதிலுக்கு வேண்டிய விவரத்தில் முக்கால்வாசியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

முதலில் இடது கை. அதற்கும் கீபோர்டுக்கும் அநேகமாகச் சம்பந்தம் இருக்காது.

கார்பல் டனல் என்பது மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும் குறுகலான பாதையில் மீடியன் நரம்பு நெரிபடுவது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுதான் அந்த நரம்பின் எல்லை. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் அல்நார் என்ற இன்னொரு நரம்புக்குச் சொந்தம். உங்கள் பாஷையில் சொன்னால் சுண்டுவிரல் வேறு சர்வே நம்பர். கதவு நிலையில் முழங்கை இடித்தால் கரண்ட் அடித்த மாதிரி விரல் நுனி வரை ஓடுமே, அந்த நரம்புதான் இது. முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே போகிறது. முழங்கையை எதன் மீதாவது ஊன்றினாலும், வெகுநேரம் மடக்கியே வைத்திருந்தாலும் அது கோபித்துக்கொள்ளும்.

கையெழுத்துப் பிரதியை எங்கே வைத்துக்கொண்டு அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. தாளை இடது பக்கம் மேசைமீது படுக்கப் போட்டு, எழுத்து புரியாத இடம் வந்தால் இடது முழங்கையை விளிம்பில் ஊன்றிக் குனிந்து பார்ப்பீர்கள். என்னிடம் வரும் டிடிபி (கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு) ஆட்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். ஸ்டீல் மேசையாக இருந்தால் அந்த விளிம்பு நேராக நரம்பின் மேலேயே உட்காரும். இரவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு முழங்கையை மடக்கி அரைமணி நேரம் பேசுவதும், கையைத் தலைக்கடியில் மடித்து வைத்துத் தூங்குவதும் இதே கணக்கில் சேரும். தாளை நிமிர்த்தி, திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வையுங்கள். இதற்கென்று தாங்கி கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் பாராயணப் புத்தகம் வைக்கிற வியாசபீடம் போதும், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மேசை விளிம்பில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மரமரப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

குறையாவிட்டால், அல்லது பொருள் கையிலிருந்து நழுவுகிறது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றுகிறது என்றால், என் பதிலை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு எங்கே நெரிபடுகிறது என்பதை அறிய நரம்புக் கடத்தல் பரிசோதனை உண்டு, அதை எழுதித் தர வேண்டியவர் டாக்டர். கழுத்து எலும்பில் கோளாறு இருந்தாலும் விரல் மரத்துப்போகும். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துக்கொள்வதும் நல்லது, அவை இரண்டும் நரம்பில் கை வைக்கக்கூடியவை.

இப்போது வலது கை. இங்கேதான் கீபோர்டு வருகிறது. ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் மேசை வந்து நிற்கிறது.

உங்கள் உயரத்துக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கை நாற்காலிப் பலகையிலிருந்து சுமார் 9 அங்குலத்தில் இருக்கும். 17-ம் 9-ம் 26. மேசை 30. அதன்மேல் கீபோர்டின் கனம் ஓர் அங்குலம். ஆக, முழங்கையைவிட ஐந்து அங்குலம் உயரத்தில் வைத்து எட்டு மணி நேரம் தட்டுகிறீர்கள். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும், மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். இருபதாயிரத்துக்குக் கீபோர்டு வாங்கி இந்த மேசையில் வைத்தாலும் வலி அப்படியேதான் இருக்கும்.

நம் ஊரில் மேசை எல்லாமே ஆண்கள் உயரத்துக்கு, அதுவும் பேனாவால் எழுதுவதற்குச் செய்தது. எழுத்துக்கு இந்த உயரம் சரி. மேசையை இறக்க முடியாது என்றால் உங்களை ஏற்ற வேண்டும். ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உயரம் கூடும், எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பாருங்கள். மீதிக்கு ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். ஸ்பாஞ்சு வேண்டாம், பத்து நிமிஷத்தில் அமுங்கிவிடும். நாலு அங்குலம் ஏறினால் கால் தரையில் படாமல் தொங்கும், அது இடுப்புக்குக் கெடுதல். இரண்டு செங்கல்லைப் படுக்க வைத்து மேலே ஒரு பலகை போட்டால் நாலு அங்குலம் சரியாக வந்துவிடும். கையுள்ள நாற்காலி மேசையில் இடித்து உங்களைத் தள்ளியே உட்கார வைக்கும் என்பதால் கையில்லாததாகப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் கீபோர்டின் பின்பக்கத்துக் குட்டிக் கால்களை விரித்து வைத்திருக்கிறீர்களா? மடித்துவிடுங்கள், இன்றைக்கே. அந்தக் கால்கள் எழுத்து தெரிவதற்காக வைத்தவை. கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிற உங்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. பின்பக்கம் உயர உயர மணிக்கட்டு இன்னும் மேலே வளையும். கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வுப் பெட்டி பேனாவுக்கு ஏற்றது. தட்டச்சுக்குச் சாய்வு எதிர்ப்பக்கம், அதாவது உங்களை ஒட்டிய முன்விளிம்பு உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். எர்கோனாமிக் என்று விற்கிற நல்ல கீபோர்டுகளில் நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது இந்த ஒரு அம்சத்துக்காக என்றே நான் சொல்வேன். ஒரு தம்படி செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். இப்போதைய கீபோர்டின் முன்விளிம்புக்கு அடியில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு தீப்பெட்டியை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு வாரம் அதிலேயே அடியுங்கள். சுகமாக இருந்தால், முன்பக்கம் உயர்த்தும் வசதியுள்ள கீபோர்டு உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துபோகும்.

உங்கள் வலி சுண்டுவிரல் பக்கமாக இருப்பதற்கு உயரத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் தமிழ் 99-இல் அடிப்பதாக எழுதியதும் எனக்குப் பளிச்சென்று பட்டது அதுதான்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற இந்த முறை, கைக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உயிர் பன்னிரண்டும் இடது கையில், மெய்யில் பெரும்பாலானவை வலது கையில். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 'வந்தான்' என்று அடிக்க ஆறு தட்டு போதும், ந-வுக்கும் த-வுக்கும் நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றி வருபவருக்கு இதே சொல்லுக்கு எட்டுத் தட்டு. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆனால் இந்த முறையில் ஒரே ஒரு விரலுக்கு மட்டும் பாரம் அதிகம். ண, ச, ஞ, ந, ய, ழ: பதினெட்டு மெய்யில் ஆறு, வலது சுண்டுவிரல் தலையில். போதாததற்கு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் எல்லாம் அதே விரலுக்கு. சாதாரணக் கடிதம் அடிப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பத்திரம் அடிப்பவருக்கு? 'நஞ்சை' என்று அடித்துப் பாருங்கள். ந, ஞ, ச மூன்றும் அடுத்தடுத்து அதே சுண்டுவிரல், கடைசி ஐ மட்டும் இடது கை. 'சொத்து', 'சாட்சி', 'புஞ்சை', 'கிரயம்', 'நான்கெல்லை' என்று உங்கள் தொழிலின் சொற்கள் எல்லாம் அந்தப் பக்கமே போய் விழுகின்றன. ச-வும் ஞ-வும் ண-வையும் தாண்டி வெளியே இருப்பவை. கையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் அங்கே நீட்டினால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடிந்து ஒடிந்து நிமிரும். நாளெல்லாம் இப்படி நடந்தால் சரியாக நீங்கள் சொன்ன இடத்தில் வலிக்கும்.

இதற்குப் பாதி மருந்து பழக்கத்தில் இருக்கிறது. ச, ஞ அடிக்கும்போது விரலை நீட்டாமல் முழங்கையிலிருந்து கையையே கொஞ்சம் நகர்த்துங்கள். ச-வை மோதிர விரலால் அடிக்கப் பழகினாலும் குற்றமில்லை, இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் பார்த்தால் திட்டுவார், அவ்வளவுதான். கை நகர வேண்டுமென்றால் மணிக்கட்டு எதன்மேலும் படியக்கூடாது. மேசையில் மணிக்கட்டு பட்டால் ஸ்கேலால் ஒன்று வைப்பார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாஸ்டர்களுக்கு எர்கோனாமிக்ஸ் என்ற சொல் தெரியாது, சங்கதி தெரிந்திருந்தது. இப்போது மெத்தென்று ஒரு திண்டு வைத்து விற்கிறார்கள். அது யோசிக்கிற நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து இளைப்பாறத்தான். அடிக்கிற நேரத்தில் அதில் மணிக்கட்டை அழுத்தினால் நரம்பு போகும் வழியையே அழுத்துகிறீர்கள்.

மீதிப் பாதி மருந்து கீபோர்டின் வடிவம். நேரான கீபோர்டில் இரண்டு கையும் நடுவில் வந்து நெருங்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் விசைகளை வளைத்தோ பிரித்தோ வைக்கிறார்கள். கடையில் மூன்று விதம் கிடைக்கும். ஒரே துண்டாக, அலைபோல் லேசாக வளைந்தது ஒன்று. ஒரே துண்டுதான், ஆனால் நடுவில் இடைவெளி விட்டு, மேடு போல் உயர்ந்திருப்பது இன்னொன்று. இரண்டு தனித் துண்டாகவே பிரிந்து கிடப்பது மூன்றாவது.

மூன்றாவது வகையை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அதில் ஒரு கதை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், "அத்தை, உங்க தொழிலுக்கு இதுதான் பொருத்தம்" என்று கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த ஒரு கீபோர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பார்க்க அழகு. ஊரெல்லாம் கை வலிக்கு யோசனை சொல்லும் எனக்கு அதைப் பார்த்ததும் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே ஒரு நோயாளிக்குக் குறிப்பு அடிக்க உட்கார்ந்தேன். 'சிகிச்சை' என்ற சொல் வரவில்லை. ச இருக்க வேண்டிய இடத்தில் விசையே இல்லை, கீழ்வரிசைக்கு அடியில் எங்கோ மூலையில் இருந்தது. ஞ-வும் அதன் பக்கத்தில். தமிழ் 99-இல் ச-வும் ஞ-வும் இருப்பது ஆங்கிலத்தின் சதுர அடைப்புக்குறி விசைகளில். அவற்றை யார் அடிக்கடி அடிக்கிறார்கள் என்று நினைத்து அங்கே தள்ளியிருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் வருடத்துக்கு நாலு தடவை தொடுகிற விசை நமக்கு வாக்கியத்துக்கு நாலு தடவை. மென்பொருளில் மாற்றலாம்தான், முயன்றேன், பாதி மாற்றி மீதி குழம்பி, அந்தக் கீபோர்டு இப்போது பீரோ மேல் இருக்கிறது. பையன் வரும்போது மட்டும் இறக்கித் துடைத்து வைப்பேன்.

ஆகவே எந்தக் கீபோர்டின் படத்தைப் பார்த்தாலும் முதலில் வலது ஓரத்தைப் பாருங்கள். ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் வழக்கமான இடத்தில், வழக்கமான அகலத்தில் இருக்கின்றனவா? சின்னதாக, கைப்பையில் போடுகிற மாதிரி வரும் கீபோர்டுகளில் இந்த ஓர விசைகளைத்தான் ஒடுக்கி வைப்பார்கள். அடுத்து நடுவில் பாருங்கள். பிளவுபட்ட கீபோர்டில் ங பெரும்பாலும் இடது பாதியில் இருக்கும். 'நாங்கள்', 'எங்கள்' அடிக்கும்போது ங-வை வலது ஆள்காட்டி விரலால் எட்டி அடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் விரல் வெறும் பள்ளத்தில் போய் விழும். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை மாறிவிடும்.

பெயர் சொல்லிக் கேட்டதால் சொல்கிறேன். 2020-இல் வந்த லாஜிடெக் எர்கோ கே860 இரண்டாவது வகை. நடுவில் பிளந்து மேடாக வளைந்தது, முன்பக்கத்தை 4 அல்லது 7 டிகிரி உயர்த்தும் கால்கள் அடியிலேயே இருக்கின்றன. தீப்பெட்டிச் சோதனையில் நீங்கள் பாஸ் என்றால் இதுதான் பொருந்தும். அதே நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த வேவ் கீஸ் முதல் வகை. அலை வடிவம், பிளவு இல்லை, விலையும் குறைவு, பழகவும் எளிது. பத்து வருடமாக நேர்க் கீபோர்டில் ஓடும் கைக்கு இது அவ்வளவாக அந்நியமாகத் தெரியாது. உங்கள் வலி மிதமானது என்றால் நான் வேவ் கீஸ் பக்கம் சாய்வேன். பழைய பொருள் கடையில் மைக்ரோசாஃப்ட் ஸ்கல்ப்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அருமையான வடிவம்தான். ஆனால் அந்த நிறுவனம் தன் பெயரில் கீபோர்டு செய்வதை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்துவிட்டது, கூட வரும் குட்டி ரிசீவர் தொலைந்தால் வேறு வாங்கிப் போட முடியாது. வேண்டாம்.

மேலே சொன்ன இரண்டு லாஜிடெக்கிலும் எண்பலகை வலது ஓரத்தில் ஒட்டியே வரும். சர்வே நம்பர், பரப்பளவு, தொகை என்று எண் அடிக்கிற உங்களுக்கு அது வேண்டும். ஆனால் அதே எண்பலகை மவுஸை இன்னும் வலது பக்கம் தள்ளிவிடும், தோள் அதைத் தேடி விரியும். மவுஸை இடது பக்கம் வைத்துப் பழக முடிந்தால் வலது கைக்குப் பெரிய விடுதலை. முடியாவிட்டால் எண்பலகை இல்லாத கீபோர்டு ஒன்றும், தனியாக ஒரு வயர்லெஸ் எண்பலகையும் வாங்கி, எண்பலகையை இடது பக்கம் போட்டுக்கொள்ளலாம். இதை யோசித்து முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள், உங்கள் மேசையில் ஸ்டாம்ப் பேப்பருக்கும் இங்க் பேடுக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

விசையின் கனம் பற்றி ஒரு வார்த்தை. டைப்ரைட்டரில் பழகியவர்கள் கார்பன் தாள் மூன்றாவது பிரதியில் விழ வேண்டும் என்ற வேகத்திலேயே இன்றும் குத்துவார்கள். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒரு விசைக்கு 45 கிராமிலிருந்து 60 கிராம் அழுத்தம் போதும், விசை கீழே போகும் தூரம் நாலு மில்லிமீட்டர். லேப்டாப்பில் அந்தத் தூரம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான், டைப்ரைட்டர் கை அதில் அடிக்கும்போது தரையில் குத்துவது போல் இருக்கும். எதில் அடித்தாலும் சத்தம் குறையக் குறையக் கைக்கு நல்லது. வீட்டில் இரவு அடிக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவரைக் கேளுங்கள், உண்மை தெரியும்.

வயர்லெஸ் என்பதால் கைக்கு நேரடியாக ஒரு நன்மையும் கிடையாது. கம்பி இழுக்காததால் கீபோர்டை வேண்டிய இடத்தில் வைக்கலாம், கட்சிக்காரர் கையெழுத்துப் போடும்போது தூக்கி ஓரமாக நிறுத்தலாம், அதுதான் லாபம். அதற்குப் பதிலாகச் சில தொல்லைகள் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர் பழையது என்றால் அதில் புளூடூத் இருக்காது, யு.எஸ்.பி.யில் செருகும் ரிசீவரோடு வருவதாகப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டும் இரு வழியிலும் வேலை செய்யும், ஆபீசில் ரிசீவர், வீட்டில் புளூடூத் என்று ஒரே கீபோர்டைக் கொண்டுபோய் வரலாம். எழுத்து விட்டு விட்டு விழுந்தால் கீபோர்டைச் சபிக்காதீர்கள். ரிசீவரை நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளையில், அதுவும் சிபியூவின் முதுகுப் பக்கம் செருகியிருப்பீர்கள். அந்தத் துளை கிளப்பும் மின் இரைச்சல் ரிசீவரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் அடிப்பது பிறருடைய ஆதார் எண், பான் எண், சொத்து விவரம். மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் சில, அடிப்பதை எந்த மறையாக்கமும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல் காற்றில் அப்படியே அனுப்புவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியை வாங்குவதாக இருந்தால் மறையாக்கம் உண்டு என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கம்பி வைத்ததே மேல்.

கே860, வேவ் கீஸ் இரண்டுக்கும் டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு போதும். கே860-க்கு இரண்டு வருடம், வேவ் கீஸுக்கு மூன்று வருடம் வரை வரும் என்கிறது நிறுவனம். எட்டு மணி நேரம் அடிப்பவருக்கு அவ்வளவு வருமா என்பது வேறு. நம் பக்கத்துக் கடற்காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். பழைய கம்பிக் கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முகூர்த்த நாளில், டோக்கன் போட்டுக் கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பேட்டரி தீரும்.

புதுக் கீபோர்டு வந்த முதல் இரண்டு வாரம் வேகம் குறையும், தப்பு கூடும். ஆகவே பத்திரப் பதிவுக் கூட்டம் குறைவாக இருக்கும் ஆடி மாதமோ மார்கழியோ பார்த்து மாறுங்கள். முதலில் வீட்டு வேலைக்கு மட்டும், தினம் அரைமணி. தொகையும் எல்லையும் புதுக் கீபோர்டில் தப்பாக விழுந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டிவரும், அதன் செலவு உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் எந்தக் கீபோர்டும் திருப்பித் தராது. டைப்ரைட்டரில் வரிக்கு ஒரு தடவை கையைத் தூக்கி லீவரைத் தள்ளினோம், பக்கத்துக்கு ஒரு தடவை தாளைக் கழற்றி மாட்டினோம், கார்பன் அடுக்கினோம். எரிச்சலாக இருந்த அந்த வேலைகள்தான் கைக்குக் கிடைத்த ஓய்வு. கம்ப்யூட்டரில் வரி தானாக மடங்குகிறது, பக்கம் தானாகப் புரள்கிறது, கை கீழே இறங்கவே காரணம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் காரணத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் கையை மடியில் போட்டுப் பத்து எண்ணுங்கள். ஒரு பத்திரம் முடிந்தால் எழுந்து போய்ப் பிரிண்ட் எடுத்து வாருங்கள், பையனை அனுப்பாதீர்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் எட்டத்தில் வையுங்கள்.

பெல்ட் கேட்டிருந்தீர்கள். அடிக்கும்போது வேண்டாம். மணிக்கட்டைக் கட்டிவிட்டால் அது செய்ய வேண்டிய அசைவை விரலும் தோளும் சேர்ந்து செய்யும், வலி இடம் மாறும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டுவது உண்மையான கார்பல் டனலுக்குப் பயன்படும், உங்கள் விரல்கள் அதைச் சொல்லவில்லை. உங்கள் இடது கைக்கு இரவில் கட்டு வேண்டுமென்றால் அது முழங்கைக்கு. ஒரு பழைய டர்க்கி டவலை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கத்தில் முழுதாக மடங்காது.

மகனிடம், கீபோர்டை அடுத்த மாதம் வாங்கலாம் என்று சொல்லுங்கள். இந்த மாதம் அவன் வரும்போது இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டுத் தரட்டும். தீப்பெட்டியை ஒட்டும் வேலையும் அவனுக்கே. நீங்கள் அடிக்கும்போது பக்கவாட்டிலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்து, முழங்கையும் மணிக்கட்டும் தெரிகிற மாதிரி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கே860-ஆ, வேவ் கீஸா என்பதை அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.
- பிசியோதெரபிஸ்ட், புதுச்சேரி